கார் ஷெட்டைப் பூட்டாதீர்கள்



போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் காதில் விழுந்தது: "இன்ஜினியரிங் படிக்கிற பையன், ஷெட்டுல பழைய மாருதி 800-ஐப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு கையெல்லாம் கிரீஸ். மானம் போகுதுங்க. ஷெட்டையே பூட்டிட்டோம்."

எந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பேச்சு? கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். கரிவரதன் ரேஸ் கார்களைக் கோவையிலேயே கட்டினார்; செட்டிபாளையம் ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நானும் யோக்கியனில்லை. வகுப்புக்கு கார்புரேட்டர் கொண்டுவந்த பையனை வெளியே நிறுத்தினேன். அதன்பின் அவன் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. இன்றும் உறுத்துகிறது.

பயமா? நியாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை. ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதே, புகை ஆளைக் கொல்லும். பெட்ரோல் கேனை உள்ளே வைக்காதே. இப்படிச் சொல்லிக் கொடுங்கள்.

ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குப் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் அதைப் பிடித்த கையைக் கேவலமாகப் பேசினால் அது என்ன பூஜை?

சாவியைப் பையனிடம் கொடுங்கள், சாமி.