பேச முடியாத அப்பாவுக்காக நீதிமன்றத்தில் பேசுவது யார்?

தோட்டத்தில் உழைத்து வீடு வாங்கிய அப்பா பக்கவாதத்தில் படுத்துவிடுகிறார். நினைவு தடுமாறுகிறது. வங்கிக் கணக்கும் வீட்டுக் கிராண்டும் அவர் பெயரில். மருந்துச் செலவுக்குக்கூடப் பணம் எடுக்க முடியவில்லை.

“பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே” என்று பலரும் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் சாதாரண பவர் பத்திரம் செல்லாது.

மலேசியாவில் இதற்கு வழி, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அதன் 52ஆவது பிரிவின் கீழ் உறவினர் உயர்நீதிமன்றத்தில் விசாரணை கோரலாம். மருத்துவச் சான்றுகளை ஆராய்ந்து, அவரையும் அவர் சொத்தையும் கவனிக்கப் பொறுப்பாளரை நீதிமன்றம் நியமிக்கும்.

சிக்கல் இங்கேதான். மனு போடும் பிள்ளைக்கு வழக்கறிஞர் உண்டு. அப்பாவுக்கு? அவருக்கென ஒருவரைச் சட்டம் தானாக அமர்த்தித் தருவதில்லை. வீட்டுக்காகப் பிள்ளைகளுக்குள் சண்டை என்றால், ஒரு தரப்பின் வாதம் மட்டுமே நீதிபதியின் காதுக்கு எட்டும்.

ஆகவே மற்ற பிள்ளைகள் ஒதுங்கி நிற்கக் கூடாது. அப்பாவுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும் என்று கேளுங்கள். அவரால் ஓரளவு பேச முடிந்தால், அவர் விருப்பத்தை நேரில் அறியும்படி நீதிமன்றத்தைக் கோருங்கள்.

சிங்கப்பூரில், திறன் போன பின்னும் செல்லும் அதிகாரப் பத்திரத்தை 2010 முதல் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். யாரை நம்புவது என்பதைத் தெளிவாக இருக்கும்போதே அவரே முடிவு செய்கிறார். அந்த உரிமை நம் பெரியவர்களுக்கும் வேண்டும்.