நடுவரின் நாணயம்: பூவா தலையா போட்டுப் பார்க்கலாம்!

"நடுவர் ஓரவஞ்சனை செய்துவிட்டார்!"

கிரிக்கெட் பந்தயத்தில் நமது அணி தோற்றால், தெருவெங்கும் இந்தப் பேச்சுத்தான். அன்றைய ஆட்டத்தில் நடுவர் மூன்று தவறான தீர்ப்புகளைச் சொல்லியிருப்பார். மூன்றும் நமக்கு எதிராகவே இருந்திருக்கும். "இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்பார்கள்.

இந்தச் சாட்சி போதுமா? கணக்கு வகுப்பில், காசைச் சுண்டியே சோதித்துப் பார்க்கலாம்.

ஐந்து பேர் நின்றார்கள்!

வகுப்பில் 40 மாணவர்கள். ஆளுக்கு ஒரு காசு. ஆசிரியர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறார். காசைச் சுண்டவேண்டும். "பூ" விழுந்தவர் உட்காரவேண்டும். "தலை" விழுந்தவர் நிற்கவேண்டும்.

முதல் முறை சுண்டியதும் ஏறக்குறைய 20 பேர் நிற்பார்கள். அவர்கள் மறுபடி சுண்டினால், சுமார் 10 பேர் நிற்பார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு சுமார் 5 பேர்.

அந்த ஐந்து பேருடைய காசும் மூன்று முறையும் தலையாகவே விழுந்திருக்கிறது. அந்தக் காசுகள் லஞ்சம் வாங்கினவா? இல்லை. எல்லாம் தற்செயல்!

நேர்மையான நடுவரும் மனிதர்தான். சில நேரம் தவறுவார். அந்தத் தவறு எந்த அணியைப் பாதிக்கும் என்பது, காசு விழுவதைப் போன்றது. மூன்று தவறு செய்தால், மூன்றும் நமக்கு எதிராகவே அமைய எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதை மட்டும் வைத்து ஒருவர் மீது பழி போடலாமா?

பத்துத் தவறுகளும் நமக்கு எதிராகவே இருந்தால்? அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 1,024-ல் ஒன்றுதான். அப்போது சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு.

ஸ்பெயினில் கண்ட உண்மை

அப்படியானால் ஓரவஞ்சனையே கிடையாதா? உண்டு. எண்ணிப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.

கால்பந்து ஆட்டத்தில் வீணான நேரத்தை, நடுவர் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார். ஸ்பெயின் நாட்டில் நடந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆராய்ந்து, பொருளாதார அறிஞர்கள் மூவர் 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னால் இருந்தால், சேர்த்த நேரம் சுமார் 2 நிமிடம். ஒரு கோல் பின்தங்கியிருந்தால் சுமார் 4 நிமிடம்!

ஒரே ஓர் ஆட்டம் என்றால் தற்செயல் எனலாம். இத்தனை ஆட்டங்களில் எப்படிச் சொல்வது? கூட்டத்தின் கூச்சல் நடுவரின் மனத்தைச் சாய்த்தது என்பதே அறிஞர்கள் கண்ட காரணம். லஞ்சம் வாங்காதவர் மனமும் சாயும்!

இத்தகைய சந்தேகத்துக்கு இடமில்லாதபடி, கிரிக்கெட்டில் விதியையே மாற்றினார்கள். டெஸ்ட் பந்தயங்களில் இரு நடுவர்களில் ஒருவர் பொது நாட்டவராக இருக்கவேண்டும் என்று 1994-ல் ஏற்பாடு வந்தது. 2002-ல் இருவருமே பொது நாட்டவர் என்று ஆயிற்று.

தாளும் பென்சிலும்

நமக்குச் சாதகமான தவறுகளை யாரும் எண்ணுவதில்லை. எதிரான தவறுகள் மட்டும் நெஞ்சில் தைத்துவிடுகின்றன. அடுத்த ஆட்டத்தின்போது பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுங்கள். இரு பக்கத்துத் தவறுகளையும் எழுதச் சொல்லுங்கள். ஓர் ஆட்டத்தோடு நிறுத்தாமல், பல ஆட்டங்களைக் கணக்கெடுக்கட்டும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரிக்கும் வழிகளில் ஒன்றுதான் இந்தக் கணக்கு.