சைக்கிள் ஓட்டுங்கள், பள்ளத்தாக்கை உழாதீர்கள்



இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர்கள் மூன்று பேர் போன வாரம் ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். பீக் மாவட்டத் தேசியப் பூங்காவில் லாத்கில் டேல் என்ற பள்ளத்தாக்கு. மழை ஓய்ந்த நேரம். ஆற்றோர ஒற்றையடிப் பாதையில் மவுண்டன் பைக் பாய்கிறது, சேறு இருபுறமும் தெறிக்கிறது, எதிரே வந்த ஒரு வயதான தம்பதி புல்லில் ஏறி ஒதுங்குகிறார்கள். கீழே வரிசையாக நெருப்புப் படம், கைதட்டல். "சார், நீங்க மட்டும் லைக் போடலையே?" என்று ஒருவன் கேட்டான். கேட்டதால் சொல்கிறேன்.

நான் சைக்கிளுக்கு எதிரி அல்ல. பணி ஓய்வு பெறும்வரை பள்ளிக்குச் சைக்கிளில் வந்தவன் நான். மகள் வீட்டுக்கு அங்கே போயிருந்தபோது வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டியும் இருக்கிறேன். எங்கே ஓட்டுவது என்பதுதான் என் கேள்வி. சக்கரத்துக்கென்றே அந்த நாட்டில் பழைய ரயில் பாதைகள் இருக்கின்றன. அதை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கின் அடிமடியில் சக்கரத்தை இறக்குவது வீரம் இல்லை, அசட்டை.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. அரியலூருக்குக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்புக்கல்லில் கிளிஞ்சல் காட்டினேனே, நினைவிருக்கிறதா? டெர்பிஷையர் சுண்ணாம்புக்கல் அதைவிட மிகப் பழையது. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அந்த நிலம் பூமத்தியரேகைக்கு அருகே ஆழமில்லாத வெப்பக் கடலாகக் கிடந்தது. அந்த உயிர்களின் ஓடும் எலும்பும்தான் இன்றைய வெள்ளைப் பாறை. அதனால்தான் பூங்காவின் தென்பகுதிக்கு ஒயிட் பீக் என்று பெயர். இந்தப் பாறை தண்ணீரில் கரையும். ஆறு சில இடங்களில் பூமிக்குள் புகுந்து போய்விடும். லாத்கில் ஆற்றின் மேல்பகுதி கோடையில் வற்றிக் கிடப்பதை எவரும் பார்க்கலாம். பழைய ஈயச் சுரங்கங்களுக்காக வெட்டிய வடிகால்களும் அதற்கு ஒரு காரணம்.

இந்தப் பாறையின் சரிவுகளில் மண் விரற்கடை அளவுதான். அந்த மெல்லிய மண்ணில்தான் ஆர்க்கிட் வகைகள் பூக்கின்றன. ஜேக்கப்ஸ் லேடர் என்ற நீலப்பூ, பிரிட்டனில் வேறெங்கும் காண அரிது. டெர்பிஷையர் அதையே தன் மாவட்டப் பூவாக வைத்திருக்கிறது. லாத்கில் டேல் அதற்குப் பெயர்போன இடம், தேசிய இயற்கைக் காப்பகம். ஈர மண்ணில் பிரேக் பிடித்தால் டயர் ஒரு கோடு கிழிக்கும். அடுத்த மழையில் அந்தக் கோடு வாய்க்காலாகும். சேற்றைத் தவிர்க்க அடுத்து வருகிறவன் ஓரமாகப் போவான், பாதை அகலமாகும், செடி போகும். நடப்பவர்களின் செருப்பும் தேய்க்கத்தான் செய்கிறது. ஆனால் நடப்பவன் கால் தூக்கி வைக்கிறான், சக்கரம் தரையை விடாமல் அறுத்துக்கொண்டு போகிறது.

இப்போது ரயில் பாதையைப் பாருங்கள். மிட்லண்ட் ரயில்வே 1863-ல் வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் தண்டவாளம் போட்டது. மான்சல் டேலின் குறுக்கே ஹெட்ஸ்டோன் வளைவுப் பாலம் எழுந்தபோது, ஜான் ரஸ்கின் என்ற பெரிய எழுத்தாளர் பள்ளத்தாக்கைப் பாழாக்கிவிட்டார்கள் என்று கொதித்தார். 1968-ல் அந்தத் தடம் மூடப்பட்டது. எந்தப் பாலத்தை அவர் திட்டினாரோ அதையே 1970-ல் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அரசு பட்டியலிட்டது. 1980-ல் தடம் தேசியப் பூங்காவின் கைக்கு வந்தது. நடுவிலிருந்த நீண்ட சுரங்கப்பாதைகள் ஆபத்து என்று அடைத்தே கிடந்தன. 2011 மே மாதம் ஹெட்ஸ்டோன், கிரெஸ்புரூக், லிட்டன், சீ டோர் சுரங்கங்களைத் திறந்தார்கள், உள்ளே விளக்கும் போட்டார்கள். இன்று மான்சல் டிரெயில் 8.5 மைல். தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலியில் பாட்டி, சைக்கிளில் நீங்கள், எல்லாருக்கும் இடம் இருக்கிறது.

ஏன் தாங்குகிறது? ரயில் ஓடவென்று போட்ட கரை அது. அடியில் ஜல்லி, ஓரத்தில் வடிகால், செங்குத்தான ஏற்றம் கிடையாது. அவ்வளவு எடை சுமந்த தரைக்கு உங்கள் சைக்கிள் ஒரு பொருட்டா? அதன் காயத்தை அந்தப் பள்ளத்தாக்கு ஏற்கெனவே பட்டு ஆற்றியிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு காயம் போடாதீர்கள் என்கிறேன்.

இது ஒன்று மட்டுமில்லை. டிசிங்டன் டிரெயில் 13 மைல், 1971-ல் திறந்தது. ஹை பீக் டிரெயில் 17 மைல், 1830-களில் சரக்கு ஓடிய தடம். மேனிஃபோல்டு பள்ளத்தாக்கின் குறுகிய ரயில் 1904 முதல் 1934 வரைதான் ஓடியது. 1937-லேயே அதைப் பாதையாக்கிவிட்டார்கள்.

இனி, உங்கள் பதில்கள். என் காதுக்கு வந்தவை மூன்று.

ஒன்று: "பெரியப்பா, அங்க போலீஸ் எல்லாம் பிடிக்காது." என் அண்ணன் மகன் சொன்னது. சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. 1968 கிராமப்புறச் சட்டம் குதிரைவழிகளில், அதாவது பிரைடில்வேக்களில், சைக்கிளை அனுமதித்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஃபுட்பாத் என்ற நடைவழியில் அந்த உரிமை இல்லை. மீறினால் பெரும்பாலும் அது சிவில் அத்துமீறல், சிறைக்குப் போகிற குற்றமில்லை. சரி. பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் எப்படி நடக்கிறோம் என்பதுதானே நாம் படித்ததற்கு அடையாளம்?

இரண்டு: "சார், கிண்டர் ஸ்கவுட்டில் அத்துமீறியவர்களால்தானே இந்தப் பூங்காவே வந்தது?" நல்ல கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அந்த மலையில் ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டங்களின் நீட்சியாகத்தான் 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாகப் பீக் மாவட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் எதை மீறினார்கள்? பறவை வேட்டைக்காகச் சில பணக்காரர்கள் பூட்டி வைத்த மேட்டுநிலத்தை. எல்லாருக்கும் திறக்கச் சொல்லி நடந்தார்கள். நீங்கள் மீறியதோ ஏற்கெனவே எல்லாருக்கும் திறந்த இடத்தை. அந்த வயதான தம்பதியை ஓரத்துக்குத் தள்ளியதற்கு கிண்டர் பெயரைச் சொன்னால், சிறைக்குப் போனவர்களுக்குத்தான் அவமானம்.

மூன்று: "ரயில் பாதை தட்டையா இருக்கு, போர் அடிக்குது." இதில் நியாயம் உண்டு. மவுண்டன் பைக் வாங்கியவனுக்கு மேடு பள்ளம் வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. ஹை பீக் டிரெயிலில் மிடில்டன் டாப்பில் தொடங்கும் பென்னைன் பிரைடில்வே, குதிரைக்கும் சைக்கிளுக்கும் என்றே அமைத்த தேசிய நெடுவழி. அது வடக்கே மலைகளுக்குள் போகிறது. மூச்சு வாங்கும், கவலை வேண்டாம்.

அதையும் தாண்டி உங்களுக்கு உண்மையான குறை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சைக்கிளுக்கு உரிமையுள்ள வழிகள் நடைவழிகளைவிட மிகக் குறைவு. ஸ்காட்லாந்தில் 2003 சட்டம், பொறுப்போடு ஓட்டினால் பரவலாகவே அனுமதிக்கிறது. இங்கே மான்சல் டிரெயிலே பக்ஸ்டன் நகரைத் தொடாமல் சில மைல் முன்னால் நின்றுவிடுகிறது. மான்சலையும் ஹை பீக்கையும் சேர்த்து ஒரு வட்டமாக்கும் ஒயிட் பீக் லூப் திட்டத்தில் இடைத் துண்டுகள் விட்டுப்போயிருக்கின்றன. அதற்குக் குரல் கொடுங்கள். கவுன்சிலருக்குக் கடிதம் எழுதுங்கள், கூட்டத்துக்குப் போங்கள், கையெழுத்து வாங்குங்கள். அந்த ஊரில் வரி கட்டுகிறீர்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் லாத்கில் வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் யார் கொடுப்பார்கள்? "இவர்களுக்கு ஒரு பாதை கொடுத்தால் மூன்றைக் கெடுப்பார்கள்" என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே மூவருக்கும் வீட்டுப்பாடம்: அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அடுத்த விடுமுறையில் மான்சல் சுரங்கங்கள் வழியாகப் போய், அங்கிருந்து ஒரு படம் போடுங்கள். லாத்கில்லுக்கும் போங்கள், சைக்கிளை ஊரிலேயே பூட்டிவிட்டு நடந்து போங்கள். நீலப்பூ கண்ணில் பட்டால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். முதல் லைக் என்னுடையது.

கோபமாக எழுதியிருந்தால் கோபம்தான். ஆனால் பழைய மாணவர்களைக் கண்டிக்கும் உரிமை எனக்கு இன்னும் காலாவதியாகவில்லை என்று நம்புகிறேன். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். நலமாக இருங்கள்.