கப்பலில் வருவதற்கு வேறு சல்லடையா?

மத்திய அரசின் விலை ஆதரவுத் திட்டத்தில் உளுந்து விற்கப் போகிறவருக்கு முதல் பரீட்சை ஈரப்பதம். மீட்டர் 12 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். அடுத்தது சல்லடை. கல், மண், வேறு பயறு, சுருங்கிய மணி, பூச்சி அரித்த மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. இதற்கெல்லாம் முன்னால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 2025-26-க்கு அறிவித்த குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் கிடைக்கும். ஈரம் 13 காட்டினால் மூட்டை வீடு திரும்பும், அல்லது வாசலில் நிற்கும் வியாபாரியின் வண்டியில் ஏறும்.

தரம் பார்ப்பதில் எனக்குக் குறையில்லை. வரிப்பணத்தில் வாங்குகிறவர்கள் மண்ணையும் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பர்மா உளுந்து இந்தப் பரீட்சையை எங்கே எழுதுகிறது என்பதுதான் என் கேள்வி.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். எங்கள் உளுந்துக்குத் தனி உழவு கிடையாது. தை மாதம் சம்பாவோ தாளடியோ அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, வயல் மெழுகுப் பதத்தில் இருப்பதைப் பார்த்து, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவோம். அப்புறம் தண்ணீர் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை, மாசிப் பனியும் வளர்த்தால் உண்டு. நெல் அறுக்க வரும் இயந்திரம் முளைத்த செடியை மிதித்துக்கொண்டு போகும். டயர் வண்டி வந்தால் சேதம் அதிகம், செயின் வண்டி வந்தால் கொஞ்சம் பிழைக்கும். எது கிடைக்கும் என்பது அந்த வாரத்து அதிர்ஷ்டம். பூக்கும்போது டிஏபி கரைசல் அடிக்கிறோம். மஞ்சள் தேமல் கண்ட செடியைப் பிடுங்கி எறிகிறோம். பங்குனியில் கையால் பிடுங்கி, களம் கிடைக்காதவர்கள் தார் ரோட்டில் பரப்பி, டிராக்டரை ஏற்றி மிதிக்கவிட்டுத் தூற்றுகிறோம். ஏக்கருக்கு நாலு குவிண்டால் கண்டால் அது நல்ல வருஷம்.

அந்த ரோட்டில் காயும் மூன்று நாளில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், மீட்டர் 14 காட்டும். நெல்லுக்கு இப்படி ஆனால் ஒரு வழி இருக்கிறது. 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், படம் எடுத்துக்கொள்ளும், சில வருஷம் தளர்வும் வரும். உளுந்தை அள்ளிப் பார்க்க எந்தக் குழுவும் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது பர்மா உளுந்துக்கு வருகிறேன். அங்கேயும் மழைக்கால நெல்லுக்குப் பின்னால் பனிக்காலப் பயிராகத்தான் உளுந்து போடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை, நமக்கு விற்கத்தான் விளைவிக்கிறார்கள். அவர்களும் சின்ன விவசாயிகள்தான், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் களத்தில் உளுந்து குவியும் அதே மாதங்களில் அங்கேயும் குவிகிறது. 2021 மே முதல் உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டு வந்தது. அதே 2021-இல் மியான்மரோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து தனியார் வழியாக வாங்கிக்கொள்வதாக 2025-26 வரை வாக்குக் கொடுத்தோம். எங்கள் ஊர் வியாபாரி காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது சென்னையில் பர்மா சரக்கு என்ன விலை என்பதைத்தான். எனக்குச் சொல்லும் விலை அதிலிருந்து கழித்து வருவது.

அந்தச் சரக்கிலும் இரண்டு தரம் உண்டு. ஒன்று எஃப்ஏக்யூ, அதற்கு மேலானது எஸ்க்யூ. இவை வாங்குகிறவரும் விற்கிறவரும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத் தரம். சரக்கு கொஞ்சம் குறைந்தால் விலையில் கழித்துக்கொண்டு பேசித் தீர்த்துக்கொள்ளலாம், கப்பலைத் திருப்பி அனுப்புவது அபூர்வம். எனக்கோ பேச்சுக்கே இடமில்லை. 12 என்றால் 12.

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கொள்முதலில் அரசு சந்தையைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறது, அதனால் நிபந்தனை போடுகிறது. கப்பலில் வருவது தனியார் வியாபாரம். இரண்டையும் எப்படி ஒப்பிடுவாய்?” நியாயமான கேள்விதான். ஆனால் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே கிடப்பதற்கே அந்தக் கப்பலும் ஒரு காரணம். தளர்ந்த தரத்தில், வரியில்லாமல் ஒரு சரக்கை உள்ளே விட்டு விலையை இறக்கிவிட்டு, அப்புறம் என்னைக் காப்பாற்ற ஒரு திட்டம் போட்டு, அதன் வாசலில் கறாரான மீட்டரை வைப்பது என்ன கணக்கு?

ஈரமாவது கண்ணுக்குத் தெரியும் சமாச்சாரம். மருந்து எச்சம் அப்படியல்ல. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான் அனுமதி. எந்தப் பயறு வகையிலும் தெளிக்கக் கூடாது. 2022-இல், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று மத்திய அரசு அறிவிக்கை வேறு வெளியிட்டது. (வரப்பில் அடிக்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.) கனடாவில் மைசூர்ப் பருப்புக்கும் பட்டாணிக்கும் அறுவடைக்கு முன்னால் இதை அடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அங்கே வளரும் பருவம் குறுகியது, வயலோ கண்ணுக்கெட்டும் தூரம். களையும் செடியும் ஒருசேரக் காய்ந்தால் இயந்திரம் ஓட்டுவது சுலபம். 2018-இல் இறக்குமதிப் பருப்பில் கிளைபோசேட் இருப்பதாகப் பேச்சு எழுந்தபோது, பருப்புக்கு நம்மிடம் வரம்பே இல்லை என்பது தெரியவந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கோடெக்ஸ் எனும் சர்வதேச வரம்பைப் பின்பற்றச் சொன்னது. மைசூர்ப் பருப்புக்கும் காய்ந்த பட்டாணிக்கும் அது கிலோவுக்கு 5 மில்லிகிராம். நான் வயலில் அடித்தால் குற்றமாகும் மருந்து, கப்பல் மூட்டையில் ஓர் அளவு வரை இருந்தால் குற்றமில்லை. கூலி கொடுத்துக் கையால் செடி பிடுங்குகிறவன் அதே சந்தையில் அதோடு போட்டி போட வேண்டும்.

பூச்சி விஷயமும் இப்படித்தான். வெளிநாட்டுப் பயறை ஏற்றும் இடத்திலேயே மெத்தில் புரோமைடு புகை போட்டு அனுப்ப வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. கனடாவின் குளிரில் அந்தப் புகை சரியாக வேலை செய்யாது, ஓசோனுக்கும் கெடுதல் என்று அவர்கள் சொன்னார்கள். காரணத்தில் உண்மை இருக்கிறது. அதனால் பத்தாண்டுக்கும் மேலாக விலக்கு கொடுத்துக் கொடுத்து நீட்டித்தோம். கனடாவின் குளிரைப் புரிந்துகொண்ட அரசுக்குப் பங்குனி மழையையும் புரிந்துகொள்ள முடியும்.

2024-25-இல் நாட்டுக்குள் வந்த பருப்பு 70 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் மஞ்சள் பட்டாணியே 20 லட்சம் டன்னுக்கு மேல். 2023 டிசம்பரில் வரி நீக்கப்பட்ட பட்டாணிக்கு 2025 நவம்பரில்தான் 30 சதவீத வரி திரும்ப வந்தது. விளைச்சல் போதாத வருஷத்தில் வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும், இட்லிக்கு உளுந்து இல்லாமல் இருக்க முடியாது. இறக்குமதியே கூடாது என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேரவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். துறைமுகத்தில் எல்லாச் சரக்கிலும் மாதிரி எடுப்பதில்லை, ஆபத்தைக் கணித்துத் தேர்ந்தெடுத்துத்தான் எடுக்கிறார்கள். பயறு வகைக்காவது ஒவ்வொரு சரக்கிலும் எடுத்து, ஈரம், கலப்பு, பூச்சி, மருந்து எச்சம் நான்கையும் பொதுவில் வெளியிடட்டும். இங்கே அடிக்கக் கூடாத மருந்துக்கு அங்கிருந்து வரும் மூட்டையிலும் அதே கண்டிப்பு வேண்டும். கொள்முதலில் 12-க்கு மேல் 14 வரை ஈரமிருந்தால் திருப்பி அனுப்பாமல், எடைக்குத் தகுந்தபடி விலையில் பிடித்துக்கொள்ளட்டும். வியாபாரிகள் தங்களுக்குள் செய்துகொள்வதுதானே இது?

பருப்பில் தற்சார்பு என்று 2025 அக்டோபரில் 11,440 கோடி ரூபாயில் ஓர் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றையும் பதிவு செய்த விவசாயிகளிடமிருந்து நான்கு வருஷம் முழுமையாக வாங்குவோம் என்கிறது அது. நல்லது. மியான்மர் ஒப்பந்தத்தின் தவணையோ 2025-26 வரைதான். அதை நீட்டித்தாலும் புதிதாக எழுதினாலும் எத்தனை டன் என்பதோடு நிறுத்தாமல், என் மூட்டைக்கு வைத்த வரம்புகளையும் அதில் எழுதட்டும். இறக்குமதிச் சலுகை உண்டா இல்லையா என்பதைத் தை பிறப்பதற்குள் சொல்லிவிடட்டும். விதையைத் தெளிப்பதா, வயலைச் சும்மா போடுவதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.