ஊசி கேத்தியில், நூல் லூதியானாவில்

தாம்பரத்தில் உட்கார்ந்து கோட்டு பின்னுகிறவளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிப்பவர்களுக்குத் தோதாக வானிலைக் கணக்கை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, குளிர் அந்த எண்ணை எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு மார்கழி விடியலில் சேலையூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு மஃப்ளர் போதும். அதுவும் ஏழரை மணிக்குக் கழுத்திலிருந்து இறங்கி இடுப்புக்கு வந்துவிடும்.

ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெண்கள் குளிரில் நடுங்குகிறார்கள். மார்கழியில் இல்லை, வருஷம் பூராவும். கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குக் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்று பாருங்கள். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் நெற்றி வேர்வையைத் துடைத்தபடியே தோள்பையில் ஒரு ஜெர்க்கினையோ ஹூடியையோ திணித்து வைத்திருப்பார்கள். எட்டு மணி நேரம் ஏசிக் காற்றுக்கு நேர் கீழே உட்காரப் போகிறவர்கள் அவர்கள். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. தாம்பரத்தில் நனைந்த ரவிக்கையோடு ஏறினால் மாம்பலத்துக்குள் முதுகு சில்லிட்டுவிடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

"ஏசியில் டிகிரியைக் கூட்டி வைக்கச் சொன்னால் தீர்ந்தது, இதற்கு எதற்குக் கோட்டு?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். நியாயமான கேள்வி. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரையோடு வரும் அறை ஏசி எதுவானாலும், போட்டவுடன் 24 டிகிரியில்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் கட்டடத்தில் மத்திய ஏசியின் கட்டுப்பாடு எங்கோ ஒரு அறையில் இருக்கும். அங்கே உட்காருகிற பெண்ணின் கையில் ரிமோட் கிடையாது. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அலுவலகக் குளிரை நிர்ணயிக்கும் சூத்திரம் 1960-களில் போட்டது, அதில் வைத்துக்கொண்ட மனித உடம்பு நாற்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஒரு ஆணுடையது என்று அவர்கள் சொன்னார்கள். அந்த ஆள் கோட்டும் சூட்டும் வேறு போட்டிருப்பான். அவனுக்கு இதமாக இருக்கும் அறையில் பருத்திச் சுடிதார் போட்ட ஐம்பது கிலோப் பெண் என்ன செய்வாள்?

எங்கள் காலத்து அனுபவமும் இதுதான். நான் வேலை பார்த்தது தொலைபேசி டிரங்க் எக்ஸ்சேஞ்சில். அங்கே ஏசி போட்டது ஆபரேட்டர்களுக்காக இல்லை, இயந்திரங்களுக்காக. நைட் டூட்டியில் கால் விரல் விறைக்கும். பரங்கிமலை ஆங்கிலோ இந்தியரான எங்கள் சூப்பர்வைசர், இரண்டு மணிக்கு மேல் அழைப்புகள் குறைந்ததும் பையிலிருந்து ஊசியை எடுப்பார். எட்டாம் நம்பர் ஊசி, நாலு மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கணக்கு அது, நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அந்த மேஜைக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டவர்கள் நாங்கள் நாலைந்து பேர். யூனியன் எவ்வளவோ வாங்கிக் கொடுத்தது, ஏசியின் டிகிரியை மட்டும் யாராலும் ஏற்ற முடியவில்லை. ஸ்வெட்டர்தான் கை கொடுத்தது.

ஆகவே கோட்டு வேண்டும். எப்படிப்பட்ட கோட்டு என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். உடம்போடு ஒட்டும் கார்டிகன் இந்த ஊருக்கு உதவாது. புடவைக்கு மேல் போட்டால் மடிப்பு வைத்துக் குத்திய முந்தானை கசங்கி, பின் கழன்று, கை தூக்க முடியாமல் போகும். தொளதொளவென்று, தோள்பட்டை இறங்கி, கக்கம் அகலமாக, முன்பக்கம் பொத்தானே இல்லாமல் திறந்து கிடக்கிற கோட்டுதான் சரி. பஸ் நின்றதும் ஒரே இழுப்பில் கழற்றிப் பையில் போடலாம்.

போடுவதும் சுலபம். எல்லாமே சதுரமும் செவ்வகமும்தான். மார்பு 36 அங்குலம் என்றால் கோட்டு 44 இருக்கட்டும். முதுகு 22 அங்குலம். உங்கள் கைக்கு அங்குலத்துக்கு ஐந்து ஸ்டிட்ச் விழுந்தால் 110 ஸ்டிட்ச் ஏற்றி நேராகப் போய்க்கொண்டே இருங்கள். முன்பக்கம் ஆளுக்குப் பாதியாக 55, 55. கைக்கு மேல்சுற்று 18 அங்குலம் வையுங்கள், முந்தானை மடிப்பெல்லாம் உள்ளே அடங்கும். கழுத்து வளைவு, கக்க வளைவு என்று குறைக்கிற வேலை ஒன்றும் கிடையாது. டிவி பார்த்துக்கொண்டே போடலாம், சீரியல் முக்கியமான இடத்துக்கு வந்தால்கூடக் கணக்குத் தப்பாது.

இனி நூல். இங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் எந்த ஃபேன்சி ஸ்டோரில் கேட்டாலும் 'உல்லன்' என்று எடுத்துப் போடுவது அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வருகிற உருண்டை. கலருக்குப் பஞ்சமில்லை, விலையும் கட்டுப்படியாகும், பூச்சி அரிக்காது. காஷ்மீருக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும், மகள் பிரசவத்துக்கு டொராண்டோ கிளம்புகிறவர்களுக்கும் அதில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது பெட்ரோலியத்திலிருந்து வரும் இழை. ஈரத்தை வாங்காது. இழைகள் காற்றிலிருந்து தம் எடையில் எவ்வளவு ஈரத்தை உறிஞ்சி வைக்கும் என்று நெசவுப் பாடப்புத்தகங்களில் ஒரு கணக்கு உண்டு. ஆட்டுக் கம்பளி 16 சதவீதம், பருத்தி 8.5, அக்ரிலிக் இரண்டுக்குள். வெளியே புழுக்கம், உள்ளே ஐஸ் என்று நாளுக்கு நாலு தடவை மாறுகிற உடம்புக்கு மேல் அதைப் போட்டால் வேர்வை அப்படியே நிற்கும். மாலையில் வாசனை சொல்லும்.

நல்ல கம்பளி என்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் வைத்துக் காப்பாற்றுகிற நீலகிரி ஆடு, தென்னிந்தியாவில் மென்மையான கம்பளி தருகிற இனம். எண்ணிக்கை சொற்பம். எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவின் சொந்த ஆடான மெட்ராஸ் ரெட் செம்மறிக்கு உடம்பில் வெறும் முடிதான். ஆடே நமக்குச் சொல்லிவிட்டது, இந்த ஊருக்குக் கம்பளி வேண்டாம் என்று.

பருத்திதான் இங்கே ஒத்து வரும். பருத்தியிலும் குறை உண்டு. கனம். அக்ரிலிக்கில் அரைக் கிலோவில் முடிகிற கோட்டு பருத்தியில் முக்கால் கிலோவைத் தாண்டும். இழுத்தால் திரும்பாது, போடப் போட நீளும். அதனால் வழக்கத்தைவிட ஒரு நம்பர் மெல்லிய ஊசியில் நெருக்கிப் போட வேண்டும், தோள் தையலுக்கு உள்ளே நாடா வைத்துத் தைக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னத் துண்டு பின்னி, நனைத்து, அடியில் இரண்டு ஸ்பூனைக் கிளிப்பில் மாட்டிக் கொடியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, அப்புறம் அளவெடுங்கள். இத்தனையும் செய்தால், துவைக்கத் துவைக்கப் பழைய வேட்டிபோல மெத்தென்று ஆகிற ஒரு கோட்டு கிடைக்கும்.

ஆனால் அந்த நூலை எங்கே வாங்குவது? கடையில் பருத்தி என்றால் மேஜை விரிப்புக்கும் குரோஷா லேஸுக்கும் ஆகிற மெல்லிய உருண்டைதான் வருகிறது. கோட்டுக்கான பருமனில் ஆன்லைனில் உண்டு, அக்ரிலிக்கைப் போல மூன்று மடங்கு விலை. பனியன் வெட்டுத்துணியைக் கீற்றாகக் கிழித்துச் சுற்றிய டி-ஷர்ட் நூல் ஒன்று வருகிறது. கூடைக்கும் கைப்பைக்கும் சரி. அதில் கோட்டு போட்டால் அம்மிக்கல்லைத் தோளில் மாட்டினாற்போல் இருக்கும்.

இதெல்லாம் நடப்பது எந்த மாநிலத்தில்? நாட்டின் நூற்பாலைகளில் பாதிக்கு அருகில் இருக்கிற மாநிலத்தில். உலகத்துக்கெல்லாம் பின்னலாடை அனுப்பும் திருப்பூர் இருக்கிற மாநிலத்தில். இன்னொன்றும் உண்டு, பின்னுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. என் கையில் இருக்கும் போனி ஊசி ஊட்டிக்குக் கீழே கேத்தியில் செய்யப்பட்டது. அதைச் செய்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1949-இல் ஆங்கிலேய முதலீட்டோடு ஆரம்பித்தது. 1973-இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னதில் இந்தியப் பங்குதாரர்களுக்கும் வெளிநாட்டார் கம்பெனிக்கும் முட்டிக்கொண்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 1981-இல் தீர்ப்பானது. கம்பெனிச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் படிக்கிற வழக்கு. லண்டனிலும் டொராண்டோவிலும் பாட்டிமார்கள் பிடித்திருக்கிற ஊசி நம் மலையில் பிறந்தது. அந்த ஊசியில் ஏற்ற நூல் மட்டும் பஞ்சாபிலிருந்து வர வேண்டும், அதுவும் பிளாஸ்டிக்காக.

ஆலைக்காரர்களுக்கு இது முடியாத காரியமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பனியனுக்குப் போகும் 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம் ஓடும். கையால் கோட்டு போடும் நூல் கிலோவுக்கு இரண்டு கிலோமீட்டர் இருந்தால் போதும். அப்படியானால் 30-ஆம் நம்பரில் இருபத்தைந்து இழை சேர்க்க வேண்டும், அது வீண் வேலை. கரூரில் போர்வைக்கும் துண்டுக்கும் போகிற 10-ஆம் நம்பர் நூலை எடுத்தால் எட்டே இழை. எட்டு இழையைச் சேர்த்து முறுக்கும் டபுளிங் இயந்திரம் ஊருக்கு ஊர் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. நூறு நூறு கிராமாகச் சுற்றி ஒரு காகிதப் பட்டை மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் நூற்பாலைகள் எந்த வடிவில் நூலைக் கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்காக, உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்ட நூலாகக் கட்டியாக வேண்டும். முன்பு 50 சதவீதம், 2003-இல் 40, இப்போது 30. நெசவாளர் வாழ்க்கையோடு என் கோட்டை ஒப்பிடவில்லை, அந்த விதி இன்னும் கறாராக இருக்கட்டும் என்பதே என் கட்சி. கையால் வேலை செய்கிறவருக்கு ஏற்ற வடிவில் நூலைக் கட்டுவது ஆலையின் கடமையில் சேர்ந்தது என்பதை நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம் என்கிறேன். எனக்குச் சட்டம்கூட வேண்டாம். ஆரல்வாய்மொழியிலும் எட்டயபுரத்திலும் ஆண்டிபட்டியிலும் கூட்டுறவு நூற்பாலைகள் இருக்கின்றன. விற்பதற்கு 1935-இலிருந்து கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோப்பு நகர்ந்தால் போதும்.

யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு 11,148.5 சதுர மீட்டரில் ஒரு குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. இரண்டே முக்கால் ஏக்கர். குழுவைத் தொடங்கிய சுபஸ்ரீ நடராஜன் சென்னைக்காரர். சாதனைகளில் எனக்குப் பெரிய மோகமில்லை. என் கண்ணில் பட்டது அத்தனை கைகள். ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். என் தெருவிலேயே மாடி வீட்டுப் பெண் நேற்றுப் படியிறங்கும்போது கோட்டைத் தொட்டுப் பார்த்து, "ஆன்ட்டி, எனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றீங்களா?" என்றாள். போட்டுத் தரமாட்டேன், சொல்லித் தருகிறேன் என்றேன். கைவேலைக்குக் கூலி சொன்னால் ஆன்லைனில் ரெடிமேடே மலிவு என்பார்கள், கூலி வாங்காமல் போட எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊசி என்னிடம் இருக்கிறது. நூலுக்கு அவளை எந்தக் கடைக்கு அனுப்புவது என்றுதான் புரியவில்லை.

கைத்தறித் துறையில் யாராவது இதைப் படித்தால் கடைசியாக ஒரு வார்த்தை. கலர் நிறைய வேண்டாம். சாயம் போடாத வெள்ளை, கறுப்பு, ஒரு நீலம், ஒரு காவிச் சிவப்பு போதும். பட்டையில் எடை, நீளம், ஊசி நம்பர் மூன்றையும் அச்சடியுங்கள். லாட் நம்பரை மறந்துவிடாதீர்கள். ஒரு சாயத்தொட்டி நீலம்போல இன்னொரு தொட்டி நீலம் இருக்காது. இடது கை பாதியில் நூல் தீர்ந்து, அதே லாட் கிடைக்காமல், ஒரு கை ஒரு நிறமாய் அலமாரியில் கிடக்கிற கோட்டுகள் தாம்பரத்தில் ஏற்கெனவே நிறைய.