'வொர்க் ஹார்ட்' தெரியும்... 'வொர்க் ஹார்ட்லி'ன்னு எழுதினா என்ன ஆகும்?

அப்ரைசல் ஃபார்ம் திறந்திருக்கிறது. வருஷம் முழுக்க ராத்திரி பகலா உழைத்ததை ஒரே வரியில் சொல்லணும். 'ஐ வொர்க்ட் ஹார்ட்லி திஸ் இயர்' என்று தட்டிவிட்டு சப்மிட் கொடுக்கிறோம். மேனேஜர் மனசில் அது எப்படி விழும் தெரியுமா? "இந்த வருஷம் நான் வேலையே பார்க்கலைங்க!"

சிரிக்காதீங்க, நானும் இதைச் செய்தவள்தான். காலேஜ் முடித்ததும் முதல் இன்டர்ன்ஷிப்புக்கு நான் அனுப்பிய கவர் லெட்டர், 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி' என்றுதான் முடிந்தது. பதில் வரவில்லை. அதே ஃபைலை வேறு இடத்துக்கு அனுப்பப் போனபோது ரூம்மேட் எட்டிப் பார்த்தாள். "வேலை பார்க்க மாட்டேன்னு நீயே எழுதிக் கொடுக்கிறியேடி" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடிதானே எழுதியிருந்தேன்?

விதி எங்கே காலை வாருது?

'ஸ்லோ'வோடு 'லி' சேர்த்தால் 'ஸ்லோலி', 'குயிக்'கோடு சேர்த்தால் 'குயிக்லி' என்று படித்தோம். தமிழிலும் 'வேகம்' கூட 'ஆக' சேர்ந்தால் 'வேகமாக' வந்துவிடும். அப்போ 'கடினமாக உழைத்தேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, கை தானாக 'ஹார்ட்லி'க்குப் போகிறது. ஸ்பெல்லிங் சரியாக இருப்பதால் ஸ்பெல்செக்கும் சிவப்புக் கோடு போடாது.

ஆனால் 'ஹார்ட்' என்ற சொல்லே வினையடையாகவும் வரும். பழைய ஆங்கிலத்தில் வினையடைக்கு அடையாளமாக அதன் கடைசியில் ஒரு உயிரொலி இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்துபோக, பெயரடையும் வினையடையும் ஒரே உருவத்தில் நின்றுவிட்டன. 'ஃபாஸ்ட்' கதையும் இதேதான். அதனால்தான் 'ஃபாஸ்ட்லி' என்று யாரும் எழுதுவதில்லை.

'ஹார்ட்லி' ஏன் தலைகீழாச்சு?

ஒரு காலத்தில் 'ஹார்ட்லி'க்கும் 'கடுமையாக, முயற்சியோடு' என்றுதான் பொருள். பிறகு 'சிரமப்பட்டு' ஆனது. சிரமப்பட்டு நடப்பது அபூர்வமாகத்தானே நடக்கும்? 16-ம் நூற்றாண்டு வாக்கில் 'அநேகமாக இல்லை' என்ற இன்றைய பொருளும் வந்துவிட்டது.

1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், பணக்காரர் பரலோகம் போவதைப் பற்றிய வசனத்தில் இந்தச் சொல் 'சிரமப்பட்டு' என்ற பொருளில் இருக்கிறது. அதே இடத்தில் தமிழ் பைபிளில் இருப்பது 'அரிது'. நம்ம 'அரிது'க்கும் 'கடினம்', 'அபூர்வம்' என்று ரெண்டு பொருள் உண்டு. 'ஹார்ட்லி' கடந்துவந்த அதே ரெண்டு பொருளும் நம் சொல்லிலும் இருக்கிறது. இனி 'ஹார்ட்லி'யைப் பார்த்தால் 'கடினமாக' என்பதை மறந்துவிட்டு 'அரிது' என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்னை தீர்ந்தது.

எப்படிப் பயன்படுத்துவது?

* 'ஐ ஹார்ட்லி நோ ஹிம்': அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வினைச்சொல்லுக்கு முன்னால் வரும்.
* 'வீ ஹேவ் ஹார்ட்லி எனி டைம்': நேரமே இல்லைன்னு வெச்சுக்கோங்க.
* 'ஷீ ஹார்ட்லி எவர் கால்ஸ்': அவள் போன் பண்றதே அபூர்வம்.
* 'ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த போன் ராங்': உட்கார்ந்தேனோ இல்லையோ, போன் அடிச்சுது.

ஒரு எச்சரிக்கை. 'இல்லை' என்ற பொருள் இதற்குள்ளேயே இருப்பதால், கூடவே 'நாட்' போடக்கூடாது. 'ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ' தவறு. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ' சரி.

'லேட்', 'லேட்லி' ஜோடியிடமும் உஷாரா இருங்க. 'ஐ கேம் லேட்' என்றால் தாமதமாக வந்தேன். 'லேட்லி' என்றால் சமீபகாலமாக.

கிண்டல் பண்ண என்ன இருக்கு?

இந்த மாதிரி வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆபீஸ் குரூப்பில் போட்டுச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் சோம்பேறியாக இருந்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. விதியைச் சிரத்தையாகப் படித்தவருக்குத்தான் இது வரும். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராதவருக்கு அந்த விதியைத் தவிர வேறு துணையும் இல்லை. ஒரு சொல்லை வைத்து ஒருவரின் உழைப்பையே எடைபோடுவது என்ன நியாயம்?

வினையடைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைக்காமல் வாக்கியத்தோடு சொல்லிக்கொடுத்திருந்தால் நம்மில் பலர் தப்பித்திருப்போம். இப்போதைக்கு நம்மால் முடிந்தது, தவறு கண்ணில் பட்டால் அந்த ரூம்மேட் மாதிரி தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது.

அதுக்கு முன்னாடி, உங்க ரெஸ்யூமைத் திறந்து 'ஹார்ட்லி' என்று ஒருமுறை தேடிப் பாருங்க. என்னுடையதில் ரெண்டு இடத்தில் இருந்தது.