அழித்து எழுதுவதா வைத்தியம்?

நம் சங்க இதழில் கணிப்பொறியைப் பற்றி எழுத ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பொறியைத் தூக்கிப் போட மனமில்லாமல் நம்மவர்களில் சிலர் லினக்ஸுக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு நாள் அப்டேட் முடிந்து மறுபடி போட்டால் திரை கறுத்து நிற்கிறது. உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட்டம். கடைப் பையன் பார்த்த மாத்திரத்தில் சொல்வது ஒன்றே: "ஃபார்மட் கர்னா படேகா."

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், காலஞ்சென்ற பாட்டி சொன்ன கதைகளையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பேரக் குழந்தைகள் கேட்டு வளர்ந்த நெல்லைத் தமிழ் அது. அத்தனையும் இப்படித்தான் போயிற்று. அதே வட்டு இன்றும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஷெட்டில் வேலை முடிந்து வந்த இஞ்சின் கிளம்பவில்லை என்றால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எதைத் தொட்டீர்கள்?" என்பதே. அதற்காகப் பெட்டிகளை யாரும் உடைப்பதில்லை. வேறு இஞ்சின் மாட்டி வண்டியை அனுப்பிவிட்டு, பழுதானதைச் சாவகாசமாகப் பார்ப்போம்.

லினக்ஸில் அந்த வேறு இஞ்சின் ஏற்கெனவே உள்ளே நிற்கிறது. உபுண்டு போன்றவை புதிய கெர்னலைப் போடும்போது முந்தையதையும் விட்டுவைக்கும். பொறியைப் போட்டவுடன் எஸ்கேப் விசையை (மிகப் பழைய பொறியானால் ஷிப்ட்) அழுத்தினால் 'க்ரப்' என்ற பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், எண் குறைந்த கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பொறி எழுந்துவிட்டால் கோளாறு புதிய கெர்னலில், அல்லது அதனோடு சேர வேண்டிய ஏதோ ஒன்றில் என்று தெரிந்துவிடும். முதல் வேலையாக வேண்டியதைப் பென் டிரைவில் பிரதி எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணங்கள் பல. 'பூட்' பகுதியில் இடம் நிறைந்துபோய், புதிய கெர்னலுக்கு வேண்டிய துணைக் கோப்பு அரைகுறையாக நின்றிருக்கலாம். அப்போது 'கெர்னல் பேனிக்' என்று திரையில் வரும். பெயர்தான் பயங்கரம், விஷயம் இட நெருக்கடி. என்விடியா அட்டை உள்ள பொறியில் அதன் டிரைவர் புதிய கெர்னலோடு ஒட்டாமல் திரை இருண்டு நிற்பதும் உண்டு. நடுவில் மின்சாரம் போயிருந்தால், பாதியில் நின்றதைச் சீர்செய்ய 'ரெகவரி மோட்' பட்டியலிலேயே வழி இருக்கிறது. இடம் அடைக்கிறதென்று பழைய கெர்னலைத் துடைக்கும் சுத்தக்காரர்கள், புதியது ஒரு தடவையாவது ஒழுங்காக எழும் வரை பொறுக்க வேண்டும்.

எந்தக் கெர்னலும் எழவில்லையா? லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்தே பொறியைக் கிளப்பி, உள்ளிருக்கும் கோப்புகளை வெளியே எடுக்கலாம். வட்டு கடகடவென்று சத்தம் போட்டால் மட்டும் கை வைக்காதீர்கள். அது வேறு நோய்.

இதெல்லாம் லினக்ஸின் வியாதி என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரே ஒரு பழுதான அப்டேட்டால் விண்டோஸ் பொறிகள் சுமார் 85 லட்சம் படுத்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸைக்கூட நம் நாட்டில் பார்த்தோம். அந்தப் பொறிகளையும் யாரும் ஃபார்மட் செய்யச் சொல்லவில்லை. கெட்ட கோப்பை நீக்கினார்கள், எழுந்தன.

ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் இதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான் தயார். செயற்குழு ஒரு பழைய பொறியும் ஒரு மேஜையும் கொடுத்தால் போதும். பென் டிரைவ் அவரவர் கொண்டு வரட்டும். காப்பி சங்கத்தின் பொறுப்பு.